விரலால் வாசிக்கும் இசை



நான் இங்கிலாந்தில் நர்சிங் படித்தபோது, மருத்துவமனைச் சிற்றாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் பார்வையற்றவர். புதுப் பாடல் என்றால் அவருடைய இடதுகை தடித்த தாள் ஒன்றைத் தடவும், வலதுகை வாசிக்கும். பிறகு கை மாற்றிக்கொள்வார். மனப்பாடமான பின்பே இரண்டு கையும் கட்டைகளுக்கு வரும்.

அந்தத் தாளைத் தந்தவர் லூயி பிரெயில். 1809இல் பிரான்சில் பிறந்தவர். மூன்று வயதில் தகப்பனாரின் தோல் பட்டறையில் கண்ணில் காயம்பட்டு, பிறகு இரு கண்ணும் இருண்டன. பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் படிக்கையில், 15 வயதிலேயே ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கிவிட்டார். அவரும் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர்தான். ஆகவே 1829இல் வெளியிட்ட தம் நூலின் தலைப்பிலேயே சொற்களோடு இசையையும் சேர்த்தார்.

பிள்ளைகளே, அது எப்படி என்று கேளுங்கள். மேலே உள்ள நான்கு புள்ளிகள் சுரத்தைச் சொல்லும். கீழே உள்ள இரண்டும் அதன் நீளத்தைச் சொல்லும். கீழே ஒன்றுமில்லையென்றால் அரை எண்ணிக்கை. வலப்புள்ளி மட்டும் இருந்தால் ஒன்று. இடப்புள்ளி மட்டும் என்றால் இரண்டு. இரண்டும் இருந்தால் நான்கு!

நம் திருநெல்வேலிச் சீமையில், 1890இல் மிஷனெரி ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்குக் கல்வியைத் தொடங்கினார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் வந்தது. சுரப்புள்ளிகளோ உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே. பாளையங்கோட்டையில் அவற்றைக் கற்றவர் துபாயிலும் வாசிக்கலாம்.

நாம் வாழும் அமீரகத்தில் 2006ஆம் ஆண்டின் 29ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் இத்தகைய பிள்ளைகளுக்குக் கல்வியில் சம வாய்ப்பை உறுதி செய்கிறது. 2017 முதல் அவர்களை 'மனவுறுதி கொண்டோர்' என்றே அழைக்கிறார்கள். நல்ல பெயர்.

ஆனாலும் வளைகுடாச் சபை ஒன்றில் கண்டது என்னை உறுத்துகிறது. பார்வையற்ற சிறுமி ஒருத்திக்குப் பாடகர் குழுவில் இடம் கொடுத்தார்கள், நோட்ஸ் கொடுக்கவில்லை. "அவளுக்குக் காது கூர்மை, கேட்டே பாடிவிடுவாள்" என்றார்கள். கேட்டுப் பாடினால் பக்கத்தில் உரக்கக் கேட்பதுதானே வாயில் வரும்? நல்ல ஆல்டோ குரல் இருந்தும் அவள் சோப்ரானோவையே பாடிக்கொண்டிருந்தாள். பாடுகிறவருக்குக் கைகள் சும்மாதானே இருக்கின்றன. தாளைத் தடவிக்கொண்டே பாடலாம்.

ஆல்டோ பகுதியைப் புள்ளிகளில் எழுதி வாங்க, பாடல் முன்கூட்டியே தெரிய வேண்டும். கிறிஸ்மஸ் பாடல்களை நாம் முடிவு செய்வதோ டிசம்பர் பிறந்த பிறகுதான்.