எந்தக் குலத்துக் கட்டம்?

கலோடன் பொட்டலில் 1746ஆம் வருஷம் ஏப்ரல் 16ஆம் தேதி நடந்த சண்டையைச் சித்திரமாகத் தீட்டிய டேவிட் மோரியர், ஸ்விட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் பிழைத்தவர். அந்தச் சண்டையில் வெற்றி கண்ட கம்பர்லண்டு பிரபுவே அவருக்குப் போஷகர். தோற்றுப்போன ஸ்காட்லாந்து மலைநாட்டாரைச் சிறப்பித்துக் காட்டவேண்டிய நிர்ப்பந்தம் எதுவும் அவருக்கு இல்லாதிருந்தும், அவர்களுடைய உடையை மாத்திரம் பக்கத்தில் நின்று பார்த்தவர்போல வெகு நுணுக்கமாக எழுதியிருக்கிறார். வாளும் கேடயமுமாகப் பாய்ந்துவரும் எட்டுப் பேரின் சட்டை, போர்வை, காலுறை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணியவர்கள் இருபதுக்கு மேற்பட்ட கட்டத் துணி வகைகளைக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவன் இடுப்பில் ஒரு கட்டம், மார்பில் வேறொரு கட்டம், காலில் இன்னொன்று. குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்றும், அந்தக் குலத்து ரத்தம் இல்லாதவர் அதை உடுத்துவது தகாது என்றும் பிற்காலத்தில் எழுந்த சம்பிரதாயத்தை அந்த எட்டுப் பேரும் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். சண்டையில் தம்மவர் யார், எதிரி யார் என்று அவர்கள் கண்டுகொண்டது துணியைப் பார்த்து அல்ல. தொப்பியில் செருகியிருந்த வெள்ளை நாடாப் பூவைப் பார்த்துத்தான்.

டார்ட்டன் என்பது நெசவில் ஒரு கணக்கு. பாவில் எந்த நிறம் எத்தனை இழை, எந்த வரிசையில் ஓடுகிறதோ, ஊடையிலும் அதே நிறம் அத்தனை இழை, அதே வரிசையில் ஓடவேண்டும். ஊடை, பாவிழை இரண்டுக்கு மேலும் இரண்டுக்குக் கீழுமாகச் சென்று, அடுத்த ஓட்டத்தில் ஓரிழை தள்ளிப் புகுவதால் துணியின் மேல் மெல்லிய சாய்வரி தோன்றும். சிவப்பைச் சிவப்பு சந்திக்குமிடத்தில் தூய சிவப்பும், சிவப்பைப் பச்சை சந்திக்குமிடத்தில் இரண்டும் பாதிப் பாதியாகக் கலந்த ஒரு மூன்றாம் நிறமும் பிறக்கின்றன. ஆகவே இரண்டு சாயம் மூன்று நிறமாகிறது. ஆறு சாயம் இருபத்தொன்றாகிறது. லுங்கிக்குக் கட்டம் போட்டுப் பழகிய நம் நெசவாளி ஒருவரிடம் இதைச் சொன்னால், இதில் என்ன அதிசயம் என்று கேட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிடுவார். துணியில் உள்ளபடியே ரகசியம் ஒன்றுமில்லை. ரகசியமெல்லாம் அதற்குப் பிற்பாடு ஒட்டிய பெயரில்தான் இருக்கிறது.

ஸ்கை தீவைச் சேர்ந்த மார்ட்டின் மார்ட்டின் 1703இல் வெளியிட்ட நூலில், மேல்கரைத் தீவுகளில் கட்டம் இடத்துக்கு இடம் மாறுமென்றும், ஒருவனுடைய போர்வையைக் கண்டமாத்திரத்தில் அவன் எந்தப் பக்கத்தான் என்று ஊகித்துவிடலாமென்றும் எழுதியிருக்கிறார். இது இயல்பே. ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரு நெசவாளி, அவன் கைக்குப் பழகிய சில கணக்குகள், அக்கம்பக்கத்துச் செடியிலும் பாசியிலும் காய்ச்சிய சாயம் என்று இருந்த காலத்தில், துணி ஊரைக் காட்டிற்று, வம்சத்தைக் காட்டவில்லை. அடுத்த சில வருஷங்களில் ரிச்சர்டு வெய்ட் என்னும் சித்திரக்காரர் கிராண்ட் குலத்துப் பெரியவர்கள் பலரை அவர்கள் தலைவருக்காக எழுதிக்கொடுத்தார். ஒரே குலத்தாராகிய அவர்களுடைய டார்ட்டன்களில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை.

கலோடனுக்குப் பின் பார்லிமெண்ட் மலைநாட்டு உடையைத் தடைசெய்தது. 1747 ஆகஸ்டு 1 முதல், ராணுவத்தில் சேர்ந்தவர் தவிர்ந்த சாமானிய ஆண்மக்கள் அதை அணிந்தால் முதற்குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை, மறுகுற்றத்துக்கு ஏழு வருஷம் கடல்கடத்தல். 1782இல் அந்தச் சட்டம் நீங்கியபோது ஒரு தலைமுறை கடந்துவிட்டிருந்தது. பழைய கட்டங்கள் பலவற்றை அறிந்த நெசவாளிகள் மறைந்துவிட்டார்கள். ஆனால் பட்டாளத்துக்கு மட்டும் டார்ட்டன் தொடர்ந்து நெய்யப்பட்டது. ஸ்டர்லிங்குக்கு அருகிலுள்ள பானக்பர்ன் என்னும் ஊரில் வில்சன் குடும்பத்தார் நடத்திய நெசவுசாலை, மலைநாட்டுக்கு வெளியே தாழ்நாட்டின் விளிம்பில் இருந்துகொண்டே அந்த வியாபாரத்தில் தலைமை பெற்றது. 1819இல் அவர்கள் எழுதிவைத்த கணக்குப் புத்தகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள் இழை எண்ணிக்கையோடு இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு வெறும் இலக்கம். சிலவற்றுக்கு ஊர்ப் பெயர். சிலவற்றுக்கு வாங்கியவர் பெயர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாக உழைத்தவர்களுக்கு உடுத்தக் கொடுப்பதற்காகக் கிட் என்ற ஒருவர் மொத்தமாக வாங்கிய கட்டம் ஒன்று, முதலில் இலக்கமாயிருந்து, பிறகு 'கிட்' ஆகி, முடிவில் மாக்பர்சன் குலத்தின் டார்ட்டனாயிற்று. குலத்தலைவர் உடுத்துமுன் அதைக் கரும்புத் தோட்டத்தில் உடுத்தியவர்கள் யார் என்பதை எண்ணிப்பார்த்தால், பரம்பரைப் பாத்தியதை என்ற சொல்லை அவ்வளவு லேசாக உச்சரிக்க நாவெழாது.

லண்டனில் 1778இல் ஏற்பட்ட ஹைலண்ட் சங்கம், 1815இல் ஒரு காரியத்தைத் தொடங்கியது: குலத்தலைவர் ஒவ்வொருவரும் தம் குலத்து உண்மையான டார்ட்டனில் ஒரு துண்டு அனுப்பி, அதற்குத் தம் முத்திரையும் இட்டுத்தர வேண்டும். வேண்டுகோள் நியாயமானதே, பதில்கள்தாம் விசேஷம். மாக்டானல்டு பிரபு, தம் குலத்தின் டார்ட்டன் எதுவென்று தமக்கு உள்ளபடியே தெரியாதென்றும், சங்கத்தாரே தேடிப்பிடித்து அனுப்பினால் தாம் முத்திரையிடச் சித்தமென்றும் எழுதிவிட்டார். ஸ்ட்ருவான் ராபர்ட்சன் தம் குலத்துக் கிழவர்களையெல்லாம் விசாரித்தார். ஆளுக்கொரு கட்டத்தைச் சொன்னார்கள். குலத்துக்கென்று தனிக் கட்டம் இருந்ததற்குச் சரித்திரமும் இல்லை, வழிவந்த செய்தியும் இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. ஆயினும் துண்டுகள் சேர்ந்தன; முத்திரைகளும் விழுந்தன.

1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளியபோது, வரவேற்பை ஏற்பாடு செய்தவர் நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட். ஹனோவர் வம்சத்து அரசருக்கு, ஸ்காட்லாந்தின் பழைய அரச வம்சமாகிய ஸ்டுவர்ட்டின் ரத்தம் தூரத்துக் கிளை வழியாகக் கொஞ்சம் உண்டு; அந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு அவரை மலைநாட்டாருக்கெல்லாம் தலைவராக்கிவிட்டார் ஸ்காட். ஹோலிரூட் அரண்மனையில் மன்னர் அணிந்த சிவப்பு ஸ்டுவர்ட் டார்ட்டன் உடைக்கும் அதற்கான அணிகளுக்கும் சேர்த்து 1,354 பவுன் 18 ஷில்லிங் செலவாயிற்று. இடுப்பில் கட்டும் கில்ட்டுக்குக் கீழே தோல்நிறக் காலுறை. மேலே, டார்ட்டனைச் சிறைவாசத்துக்குரியதாக்கிய அரசாங்கத்தின் மகுடம். கலோடனில் மலைநாட்டாரைக் கொன்று குவித்த கம்பர்லண்டு அவருடைய பாட்டனாரின் தம்பி. போதாக்குறைக்கு, லண்டன் மாநகரத் தலைவராயிருந்த சர் வில்லியம் கர்ட்டிஸ் என்னும் பருத்த சரீரி ஒருவரும் அதே கோலத்தில் வந்து நின்று, பரிகாசக்காரர்களுக்கு ஒரு வருஷத்துக்கு வேலை கொடுத்தார். விருந்தாட்டத்துக்கு வருவோர் ராணுவ உடையில் இல்லையானால் மலைநாட்டு உடையில்தான் வரவேண்டும் என்று விதித்திருந்தபடியால், பாட்டன் முப்பாட்டன் காலத்திலும் கில்ட்டைக் கட்டியறியாத தாழ்நாட்டுக் கனவான்கள் எல்லாம் தமக்கொரு கட்டம் தேடிக் கடைகளுக்கு ஓடினார்கள். குலமின்றி டார்ட்டனைத் தேர்ந்தவர்களின் முதற்கூட்டம் இதுவே என்று சொல்லலாம். அந்தக் கூட்டத்துக்கு முன்னே நின்றவர் மன்னர்.

அவர்களுடைய குறையைத் தீர்க்க இரு சகோதரர்கள் தோன்றினார்கள். ஆலன் என்ற குடும்பப் பெயரைக் களைந்து, சோபியெஸ்கி ஸ்டுவர்ட் என்று தமக்குப் பெயர் சூட்டி, நாடிழந்த ஸ்டுவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸின் பேரர்கள் தாங்களென்று உலகத்தாரை நம்பவைத்த இவர்கள், 1842இல் 'வெஸ்டியேரியம் ஸ்கோட்டிகம்' என்ற ஆடம்பரமான நூலை வெளியிட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டுச் சுவடியை ஆதாரமாகக் கொண்டது என்று சொல்லப்பட்ட அந்நூலில் எழுபத்தைந்து டார்ட்டன்கள். தாழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. மூலச் சுவடியைக் காட்டும்படி கேட்டவர்களுக்கு அது கடைசிவரை கிட்டவில்லை. பொய் வெளிப்பட்டபின்னும் கட்டங்கள் நின்றுவிட்டன. அந்நூலிலிருந்து வந்த டார்ட்டன்கள் பல இன்றும் விற்பனையாகின்றன. அழகாயிருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1896இல் பிராங்க் ஆடம் என்பவர், 'என் டார்ட்டன் எது?' என்று பொருள்படும் தலைப்பிலேயே ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு பெரிய குலத்துக்கும் கிளைப்பெயர்களைச் சேர்த்துவிட்டால் யாருக்கும் ஒரு கட்டம் கிடைத்துவிடும் என்ற இந்த முறை, கடைக்காரர்களுக்குப் பெரிய வரப்பிரசாதம். தையற்காரன் என்று பொருள்படும் டெய்லர், காமரன் குலத்தில் சேர்ந்தது. மாவரைப்பவன் என்று பொருள்படும் மில்லர், மாக்பார்லன் குலத்தில் சேர்ந்தது. தையலும் மாவரைத்தலும் இல்லாத தேசம் ஏது?

இத்தனைக்கும், எந்த டார்ட்டனை எவர் உடுத்தலாம் என்று விதிக்கும் சட்டம் ஸ்காட்லாந்தில் இல்லை. குலமற்றவர்க்கு என்று வழக்கில் உள்ளவை சில: பிளாக் வாட்ச் பட்டாளத்தின் நீலமும் பச்சையும் கறுப்புமான கட்டம், வேட்டை ஸ்டுவர்ட், காலிடோனியா, பிறகு ஊர்களுக்கும் ஜில்லாக்களுக்கும் உரியவை. புதிய கட்டத்தைப் பதிந்துகொள்ள 2008இல் சட்டம் செய்து, 2009இல் அரசாங்கமே பதிவேடு திறந்தது. ஸ்காட்லாந்தில் குடியேறிய சீக்கியர்களுக்கு, 'சிங்' என்னும் பெயரில், அதற்குப் பத்து வருஷம் முன்பே ஒரு டார்ட்டன் பிறந்துவிட்டது. எட்டு கஜம் துணியெடுத்து, கட்டம் கலையாதபடி மடிப்பு ஒவ்வொன்றையும் கணக்கிட்டுக் கையால் தைக்கும் கில்ட் தையற்காரருக்கு, வாடிக்கையாளரின் பாட்டனாரைவிட அவர் இடுப்பளவே முக்கியம்.

உத்தரவின்றி உடுத்தலாகாது என்று உண்மையாகவே காவல் செய்யப்படும் கட்டம் ஒன்று உண்டு. பால்மோரல் என்று அதற்குப் பெயர். அபர்டீன் பக்கத்துக் கருங்கல்லின் சாம்பல் நிறம், நடுவில் சிவப்பும் கறுப்புமான கோடுகள். அரச குடும்பத்தாரும், அவர்களுடைய அரண்மனைப் பைப் வாத்தியக்காரரும் தவிர மற்றவர் அதை அணிவதில்லை. 1853இல் அதை வகுத்தவர் விக்டோரியா ராணியின் கணவர், ஜெர்மனியிலுள்ள கோபுர்க்கிலிருந்து வந்த ஆல்பர்ட்.