இலாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மூலம் காபா உற்பத்தி

காபா (காமா-அமினோபியூட்டைரிக் அமிலம்) என்பது நான்கு கார்பன் அணுக்களைக் கொண்ட, புரதங்களில் இடம்பெறாத ஓர் அமினோ அமிலம் ஆகும். பாலூட்டிகளின் மூளையில் கிளர்ச்சியைத் தணிக்கும் முதன்மை நரம்புக்கடத்தியாக இது செயல்படுகிறது. உணவைப் புளிக்கச் செய்யும் இலாக்டிக் அமில பாக்டீரியாக்களுள் சில, குளுட்டாமிக் அமிலத்தைக் காபாவாக மாற்றும் திறன் கொண்டவை.

வரலாறு

காபா 1883 ஆம் ஆண்டில் வேதியியல் முறையில் தொகுக்கப்பட்டது. நெடுங்காலம் அது தாவரங்களிலும் நுண்ணுயிர்களிலும் காணப்படும் ஒரு பொருளாகவே கருதப்பட்டது. 1950 இல் இயூசீன் ராபர்ட்சு உள்ளிட்டோர் பாலூட்டிகளின் மூளையில் இதனைக் கண்டறிந்தனர்.

2-பிர்ரோலிடோனை நீராற்பகுத்தும் காபாவைப் பெறலாம். ஆயினும் உணவில் சேர்ப்பதற்கு, நெடுங்காலமாக மனிதர் உண்டுவரும் பாக்டீரியாக்களைப் பயன்படுத்தும் முறையே பெரிதும் விரும்பப்படுகிறது.

செயல்முறை

குளுட்டமேட்டு டிகார்பாக்சிலேசு என்னும் நொதியம் குளுட்டாமிக் அமிலத்தின் ஒரு கார்பாக்சில் தொகுதியை நீக்குகிறது. அத்தொகுதி கார்பன் டை ஆக்சைடாக வெளியேற, எஞ்சுவது காபா. இந்நொதியம் இயங்க உயிர்ச்சத்து பி6 இன் செயல்வடிவமான பிரிடாக்சல் பாசுபேட்டு தேவை.

பாக்டீரியா இவ்வேலையைத் தன் பாதுகாப்புக்காகவே செய்கிறது. தான் சுரந்த இலாக்டிக் அமிலமே சூழலைப் புளிப்பாக்கித் தன்னைத் தாக்கும் நிலையில், ஒவ்வொரு குளுட்டமேட்டு மூலக்கூறு மாறும்போதும் உயிரணுவினுள் ஓர் ஐதரசன் அயனி செலவாகிறது. உருவான காபாவை வெளியேற்றிப் புதிய குளுட்டமேட்டை உள்ளே கொணர, சவ்வில் ஒரு கடத்திப் புரதம் உள்ளது.

உற்பத்தியின் முக்கியச் சிக்கலும் இங்கேதான் எழுகிறது. நொதியம் பொதுவாக 4 முதல் 5 வரையிலான பி.எச். மதிப்பில் நன்கு செயல்படும். ஆனால் வினை நடக்க நடக்க அமிலத்தன்மை குறைந்து பி.எச். உயர்கிறது, நொதியம் சோர்கிறது. எனவே அமிலத்தை இடையிடையே சேர்க்கவேண்டும்.

மூலப்பொருளாக மோனோசோடியம் குளுட்டமேட்டைப் பயன்படுத்தினால் மற்றொரு தொல்லை உண்டு. கணக்கின்படி சந்தையில் கிடைக்கும் நீரேற்ற வடிவில் 187 கிராமிலிருந்து அதிகபட்சம் 103 கிராம் காபா கிடைக்கும். ஐதரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். சரிசெய்யப்பட்டால் அத்துடன் சுமார் 58 கிராம் சோடியம் குளோரைடும் எஞ்சும். இரத்த அழுத்தம் உள்ளோருக்கான பொருளில் உப்பு சேர்வது முரணே. குளுட்டாமிக் அமிலத்தையே நேரடியாக இடுவது இதற்கு மாற்று. அது 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8.6 கிராம் மட்டுமே கரையும். இக்குறையே நன்மையாகிறது: கரைந்த பகுதி செலவாகும்போது மீதி சிறிது சிறிதாகக் கரைந்து, மூலப்பொருளாகவும் அமிலமாகவும் ஒருங்கே பயன்படுகிறது.

பயன்படும் இனங்கள்

பரவலாக ஆராயப்பட்டது இலாக்டோபேசில்லசு பிரெவிசு. 2020 இல் இப்பேரினம் பிரிக்கப்பட்டபோது இது இலெவிலாக்டோபேசில்லசு பிரெவிசு எனப் பெயர் மாற்றம் பெற்றது. பழைய கட்டுரைகளைத் தேடுவோர் இரு பெயர்களையும் அறிந்திருத்தல் நலம். சீனாவின் பாவோசாய் என்னும் காய்கறி ஊறுகாயிலிருந்து பிரிக்கப்பட்ட இதன் என்சிஎல்912 என்னும் குலவகை, மூலப்பொருளைப் படிப்படியாகச் சேர்க்கும் முறையில் 48 மணி நேரத்தில் லிட்டருக்கு 100 கிராமுக்கும் மேற்பட்ட காபாவை உருவாக்கியதாக 2010 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஒரே இனத்தின் எல்லாக் குலவகைகளுக்கும் இத்திறன் இல்லை. பிரெவிசு குலவகைகள் சில, தைரமின் என்னும் விரும்பத்தகாத அமீனையும் உருவாக்கவல்லவை. ஆகவே உணவுக்குத் தேர்ந்தெடுக்குமுன் இதனைச் சோதிப்பது இன்றியமையாதது.

உடல்நல விளைவுகள்

சப்பானில் மிதமான உயர் இரத்த அழுத்தம் கொண்ட 39 பேரிடம் நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 10 முதல் 12 மில்லிகிராம் காபா கொண்ட புளித்த பாலை 12 வாரங்கள் அருந்தியோரின் இரத்த அழுத்தம் குறைந்தது. சிறிய ஆய்வென்பதால் இதனை மருந்துக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

உறக்கம், மன அமைதி பற்றிய விளம்பரங்களை இன்னும் எச்சரிக்கையுடன் அணுகவேண்டும். உண்ணும் காபா குருதி-மூளைத் தடுப்பை எளிதில் கடப்பதில்லை என்பதே நெடுங்காலக் கருத்து. சிறிதளவு கடக்கிறதா, அல்லது குடல் நரம்புகள் வழியே விளைவு ஏற்படுகிறதா என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது. சப்பானில் 2015 இல் தொடங்கிய செயற்பாட்டு உரிமைகோரல் உணவுத் திட்டத்தின்கீழ் காபா சேர்த்த பல பொருட்கள் விற்கப்படுகின்றன. இத்திட்டத்தில் நிறுவனமே சான்றுகளைத் திரட்டி அரசுக்கு அறிவிக்கிறது. ஒவ்வொரு பொருளையும் அரசு தனித்தனியே மதிப்பிட்டு ஒப்புதல் அளிப்பதில்லை.