தோற்ற மெஷின் ஜெயித்த கதை... உங்கள் இயர்போனில் அதிரும் 808!

இயர்போனை மாட்டிக்கொண்டு, புதுசா வந்த ஹிப்ஹாப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அடியில் 'டூம்ம்ம்...' என்று நெஞ்சுவரை இறங்கும் ஒரு பேஸ் பெரும்பாலும் இருக்கும். மியூசிக் பண்ணுகிறவர்கள் அதை '808' என்பார்கள். அது ஒரு மெஷினின் மாடல் நம்பர்! ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் மெஷின்தான் அது.

நிஜ டிரம் மாதிரியே இல்லையே!

அதே காலத்தில் அமெரிக்காவில் லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷின் இருந்தது. நிஜ டிரம் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்திருந்த அதன் விலை, சுமார் 5,000 டாலர். 808-ன் விலை சுமார் 1,200 டாலர்தான். ஆனால், அதில் பதிவுசெய்த சத்தம் எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் சர்க்யூட்களே ஒலியை உருவாக்கும். அதனால் நிஜ டிரம் மாதிரி கேட்கவே கேட்காது. சுமார் 12,000 மெஷின்களோடு 1983-ல் தயாரிப்பு நின்றுபோனது.

கதை முடிஞ்சுதுன்னு நினைக்கிறீர்களா? இனிமேல்தான் ஆரம்பம்!

குறையே பலம் ஆனது

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த 808-ஐ, பெரிய ஸ்டூடியோவுக்குப் போக வசதியில்லாத அமெரிக்க இளைஞர்கள் வாங்கினார்கள். நிஜ டிரம்மின் அடி சட்டென அடங்கிவிடும். 808-ல் ஒரு திருகைத் திருப்பினால், அந்த அடி நீண்டு ரீங்கரிக்கும். எந்தத் தோல் வாத்தியமும் தராத ஒலி அது. 1982-ல் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்', மார்வின் கேயின் 'செக்ஸுவல் ஹீலிங்' இரண்டிலும் 808 ஒலித்தது.

அதே 1982-ல் நம் மும்பையிலும் ஒருவர் இதைத் தொட்டார். சினிமா பாடல்களுக்கு கிடார் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 808-ன் தாளத்துக்கு மேல் பத்து ராகங்களை வைத்து ஓர் ஆல்பம் போட்டார். கூடவே ரோலண்டின் டிபி-303 என்ற பேஸ் மெஷின். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் உண்டு. ராகத்துக்கு அது அப்படியே பொருந்தியது. அப்போது ஆல்பம் கவனம் பெறவில்லை. 2010-ல் மறுபடி வெளியானபோது, 'சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் இசைக்கு முன்பே இப்படியொரு இசையா!' என்று உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்போ வாசிக்கிறவங்க நிலைமை?

நியாயமான கேள்வி. மெஷின் வந்ததும் ஸ்டூடியோக்களில் டிரம்மர்களுக்கான அழைப்பு குறைந்தது உண்மை. ஒருவருக்குக் கதவு திறந்த அதே கருவி, இன்னொருவரின் வருமானத்தில் கைவைத்தது. ஆனால், எந்த இடத்தில் அடிக்க வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பது மெஷினுக்குத் தெரியாது. அதை இன்றும் காதுதான் முடிவுசெய்கிறது.

நீங்களே போட்டுப் பாருங்க!

808-ன் முன்பக்கம் வரிசையாக 16 பட்டன்கள் இருக்கும். இன்று மொபைலில் இலவசமாகக் கிடைக்கும் டிரம் மெஷின் ஆப்களிலும் அதே 16 கட்டங்கள்தான்.

* வேகத்தை 120-ல் வையுங்கள்.
* கிக் டிரம்: 1, 5, 9, 13
* கைதட்டல்: 5, 13
* ஹை-ஹாட்: 3, 7, 11, 15

பிளே பண்ணுங்க... டிஸ்கோ பீட் ரெடி! போன் ஸ்பீக்கரில் அடி பேஸ் சரியாகக் கேட்காது என்பதால் இயர்போன் அவசியம்.

இப்போது 13-ல் இருக்கும் கிக்கை மட்டும் எடுத்துவிட்டு, 12-ல் ஒன்று வையுங்கள். பாட்டின் நடையே மாறும். பிடித்திருக்கிறதா, இல்லையா? அந்தப் பதிலை எந்த ஆப்பும் சொல்லாது. உங்கள் மியூசிக் அங்கேதான் தொடங்குகிறது!