உப்பும் பச்சை உடம்பும்: திருச்சிராப்பள்ளியை முன்வைத்துத் தைராய்டு குறைபாட்டின் வரலாறு

முன்னுரை

தமிழக வரலாற்றில் உப்பு என்றதும் வேதாரண்யம் நடைப்பயணமே நினைவுக்கு வரும். 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியில் டி.எஸ்.எஸ்.ராஜன் இல்லத்திலிருந்து புறப்பட்டனர். ஏப்ரல் 30இல் உப்புச் சட்டத்தை மீறினர். ஸ்ரீரங்கத்தில் பிறந்த ராஜன் மருத்துவர். 1937இல் அமைந்த இராஜாஜி அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத்துறை அமைச்சராக இருந்தவர். அன்று வரியை ஒட்டிப் பேசப்பட்ட உப்பு, விடுதலைக்குப் பின் உடல்நலத்தை ஒட்டியும் பேசப்பட்டது. அம்மாற்றத்தில் கருவுற்ற பெண்ணும் பிள்ளை பெற்ற பெண்ணும் பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கழலையும் அரசும்

இந்தியாவில் தைராய்டு குறித்த ஆய்வு மலைநாட்டை மையமிட்டது. ராபர்ட் மெக்காரிசன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கிட் பகுதியில் முன்கழுத்துக் கழலையை ஆராய்ந்தார். பின்னர் நீலகிரியின் குன்னூரில் ஆய்வைத் தொடர்ந்தார். 1956இல் காங்ரா பள்ளத்தாக்கில் வி.இராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பால் கழலை குறையும் என நிறுவியது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தோன்றியது. இமயமலை வட்டாரத்தையே முதலில் கருத்திற்கொண்ட அத்திட்டத்தின் பார்வைக்குள் காவிரிச் சமவெளி பின்னரே வந்தது. 1992இல் திட்டம் 'அயோடின் குறைபாட்டு நோய்கள்' என்னும் விரிந்த பெயரைப் பெற்றது. அயோடின் கலவாத உப்பை உணவுக்கென விற்பதற்கான நாடு தழுவிய தடை 2000இல் நீக்கப்பட்டு, 2006இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

கழுத்தில் புலப்படும் வீக்கத்தை அளவுகோலாகக் கொண்டு தொடங்கிய இம்முயற்சி, புலப்படாத குறைபாட்டைக் காணக் காலம் பிடித்தது. கருவின் தொடக்க மாதங்களில் சிசு தாயின் தைராக்சினையே சார்ந்திருக்கிறது. ஆதலின் கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பிற பெரியவர்களுக்குரிய அளவு 150. எனினும் உப்பால் மட்டும் இச்சிக்கல் தீர்வதில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் நிலையை ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912இல் விவரித்தார். அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் குறைசுரப்புக்கு இதுவே முதன்மைக் காரணம்.

பேற்றுக்குப் பின்

மகப்பேற்றுக்குப் பின் தோன்றும் சோர்வு, குளிர் தாங்காமை, முடி உதிர்தல் ஆகியவை தைராய்டுச் சாறு கொடுத்ததும் தணிந்ததை, நியூசிலாந்து மருத்துவர் ராபர்ட்டன் 1948இல் பதிவு செய்தார். அப்பதிவு நெடுங்காலம் கவனம் பெறவில்லை. 1970களில் ஜப்பானிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகளே பேற்றுக்குப் பிந்தைய தைராய்டு அழற்சியைத் தனி நோயாக நிலைநிறுத்தின. அதன் குறைசுரப்புக் கட்டம் பெரும்பாலும் நான்காம் மாதம் முதல் எட்டாம் மாதத்திற்குள் தலைகாட்டும்.

இக்கால அளவு தமிழ் மரபோடு ஒப்பிடத்தக்கது. பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' எனப் பேணும் மரபில், மூன்றாம் அல்லது ஐந்தாம் மாதத்தில் அவள் குழந்தையுடன் கணவன் வீடு செல்வது வழக்கம். தாய்வீட்டுப் பேணல் முடியும் வேளையிலேயே நோய் தொடங்குகிறது. அப்போது அவளது சோர்வு சோம்பலாகவும், மனத்தளர்ச்சி குணக்கேடாகவும் கொள்ளப்பட இடமுண்டு. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைத் தாயுமானவர் தலக்கதையும் இங்கு நினைக்கத்தக்கது. காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாதபோது இறைவன் அவளுருவில் வந்து பேறு பார்க்கிறார். வெள்ளம் வடிந்து தாய் வந்ததும் மறைகிறார். பேற்றை ஒட்டிய சில நாள்களே துணை வேண்டும் காலம் என்னும் கருத்தை இக்கதையிலும் காணலாம்.

முடிவுரை

2014இல் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், நோய்வாய்ப்பு மிகுந்த கருவுற்ற பெண்களுக்குத் தைராய்டுப் பரிசோதனையை வலியுறுத்தியது. பேற்றுக்குப் பிந்தைய மாதங்களுக்கும் அக்கவனம் நீள வேண்டும். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையை எடுத்துவரும் தாயின் உடல்நலத்தையும் அன்றே கேட்டறிவது இயலக்கூடிய தொடக்கம். உப்பின் வரலாறு சட்டம், கழலை, கரு எனப் படிப்படியாக விரிந்துள்ளது. பிள்ளை பெற்ற பெண்ணைத் தனக்குரிய நோயாளியாக ஏற்பதே அதன் அடுத்த படியாகும்.