சேவலின் கொண்டையும் ஓர் எண்ணும்

ஆண்களுக்குரிய ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவைச் சொல்லும் இரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும், நம் கண் ஓர் எண்ணைத் தேடுகிறது. அது குறைந்திருந்தால் ஆண்மையே குறைந்துவிட்டதாக மனம் கலங்குகிறது. அந்த எண் பிறந்த கதையை அறிந்தால் கலக்கம் சற்றுத் தணியும் என எண்ணுகிறோம்.

1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் அர்னால்டு பெர்த்தோல்டு இளஞ்சேவல்களின் விதைகளை அகற்றினார். அவற்றின் கொண்டை வளரவில்லை, கூவலும் இல்லை. அகற்றிய விதையை வயிற்றுக்குள் பதித்த சேவல்களோ வழக்கம்போலக் கூவின, சண்டையிட்டன. பழைய நரம்புத் தொடர்பு அறுந்த பின்னும் இது நிகழ்ந்ததால், விதை இரத்தத்தின் வழியே செயல்படுகிறது என்று அவர் உணர்ந்தார்.

1889இல் பாரிஸில், 72 வயதான பிரவுன்-செக்கார், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச்சாற்றைத் தம் உடலிலேயே ஊசியால் செலுத்திக்கொண்டு, இழந்த வலிமை மீண்டதாக அறிவித்தார். அவர் பொய்யர் அல்லர், பெரும் அறிஞர். ஆயினும் நீரில் கரைத்த அச்சாற்றில் பயன்தரும் அளவு ஹார்மோன் இருந்திருக்க இயலாது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. அளக்க வழியில்லாத காலத்தில் நம்பிக்கையே அளவுகோலாக நின்றது.

1935இல் ஆம்ஸ்டர்டாமில் ஏர்ன்ஸ்ட் லாக்கரின் குழு, காளை விதைகளிலிருந்து அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்துப் பெயரும் சூட்டியது. அவ்வாண்டே பூட்டெனாண்டும் ருசிக்காவும் தனித்தனியே அதைச் செயற்கையாக ஆக்கினர். ஆனால் இரத்தத்தில் அதன் நுண்ணளவை எளிதாக அளப்பதற்கு மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் இறுதியில் இன்சுலினுக்காக வகுத்த கதிரியக்க அளவீட்டு முறையே பிறகு இதற்கும் கைகொடுத்தது.

2017இல் வெளியான ஆய்வொன்று, உடற்பருமன் இல்லாத 19 முதல் 39 வயது வரையிலான ஆரோக்கியமான ஆண்களின் இயல்பு எல்லையை, ஒரு டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் என வகுத்தது. இரு முனைகளுக்கும் இடையே மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு! இவ்வெல்லை நூற்றில் 95 பேரை உள்ளடக்குமாறு வரையப்பட்டது. எனவே நலமாக இருப்போரிலும் இரண்டு மூன்று பேர் அதற்குக் கீழே நிற்பர்.

ஒரே மனிதரிடமும் அளவு நிலையானதன்று. காலையில் உயர்ந்து மாலையில் தாழும், நோயுற்றால் குறையும். பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்திருப்பதால், மொத்த அளவு மட்டும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. அதனால்தான் காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரு நாட்களில் அளந்து, உடலின் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

பிரவுன்-செக்காரிடம் எண் இல்லை. நம்பிக்கை மட்டும் இருந்தது. நம்மிடம் எண் இருக்கிறது. ஒரு மாலையில் எடுத்த ஒற்றை எண்ணைக் கண்டு நம்மை நாமே குறைவாக மதிப்பிடுவோமானால், அவர் செய்த பிழையையே மறுபுறமிருந்து செய்தவர்களாவோம்.