பேசவும் கேட்கவும் ஒரே பெட்டி



செர்காம், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களானாலும் சரி, மலாக்காப் பட்டணமானாலும் சரி, வீட்டு வானொலிப் பெட்டி பேசும், நாம் கேட்போம். நாம் பேசினால் அது கேட்காது. பேசவும் கேட்கவும் வல்ல கருவி வேறொன்று உண்டு. காவலர் கையிலுள்ள வாக்கி-டாக்கி அந்த இனத்தைச் சேர்ந்தது. அதன் அருமையை அறிய, ஜப்பான்காரர் காலத்திற்குப் போவோம்.

அக்காலத்தில் வெளிநாட்டு வானொலியைக் கேட்பது தண்டனைக்குரிய குற்றம். நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. லயங்களில் காத்திருந்த பெண்டு பிள்ளைகளுக்கு அவர்களுடைய கதி தெரியவில்லை. செய்தி போகவும் வழியில்லை, வரவும் வழியில்லை.

ஜப்பானியரை எதிர்த்தவர்களுக்கும் அதே இடர்தான். 1943 மே மாதம் ஜான் டேவிஸ் என்பவரும் ஐந்து சீன வீரர்களும் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கினார்கள். இவர்கள் இலங்கையிலிருந்து இயங்கிய 136ஆம் படையைச் சேர்ந்தவர்கள். நவம்பரில் லிம் போ செங் வந்து சேர்ந்தார். ஆண்டிறுதியில், பீடோர் அருகே மலைக்காட்டில், ஜப்பானிய எதிர்ப்புப் படையோடு உடன்பாடு கண்டார்கள். ஆயுதமும் மருந்தும் இலங்கையிலிருந்து வரவேண்டும். ஆனால் அதைக் கேட்பது எப்படி? கம்பியில்லாத் தந்திக் கருவியும் அதன் பாட்டரிகளும் கனமானவை. எதிரியின் கண்ணில் படாமல் அவற்றை மலைமேல் சேர்க்க முடியவில்லை.

1944 மார்ச்சில் ஜப்பானியர் ஈப்போவிலிருந்த ஒற்றர் வலையை அறுத்தார்கள். லிம் போ செங் பிடிபட்டார். சித்திரவதைக்கு ஆளாகியும் தோழர்களைக் காட்டிக்கொடுக்காமல், ஜூன் 29ஆம் நாள் பத்து காஜா சிறையில் உயிர்நீத்தார். மலையில் இருந்தவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்பதுகூட இலங்கைக்குத் தெரியவில்லை.

1945 பிப்ரவரியில்தான் மலையிலிருந்து இலங்கையோடு தொடர்பு கிடைத்தது. அதன் பிறகு விமானங்கள் வந்தன. ஆட்களும் ஆயுதங்களும் பாராசூட்டில் இறங்கினார்கள், இறங்கின. அதே மனிதர்கள், அதே காடு. மாறியது ஒன்றுதான்: கேட்பதற்கு மறுமொழி வந்தது.

அந்தக் கருவி வேலை செய்யும் விதம் என்ன? ஒரே பெட்டிக்குள் இரண்டு பகுதிகள். ஒன்று, மின்சாரத்தை வேகமாக அதிரும் அலையாக்கி ஏரியல் கம்பி வழியே அனுப்பும். தந்திச் சாவியை அழுத்தும்போது அலை நீளமாகவும் குட்டையாகவும் விட்டுவிட்டுச் செல்லும். அதுவே எழுத்தாகும். மற்றப் பகுதி, தொலைவிலிருந்து வரும் மெல்லிய அலையைப் பிடித்துப் பெருக்கிக் காதுக்குத் தரும். ஏரியல் இரண்டுக்கும் பொது. ஆகையால் அனுப்பும்போது கேட்க முடியாது. கேட்கும்போது அனுப்ப முடியாது. வாக்கி-டாக்கியில் பேசுவோர் பொத்தானை அழுத்திப் பேசி, 'ஓவர்' என்று சொல்லி விடுவது இதனால்தான். இனி உன் முறை என்பது அதன் பொருள்.

இன்று நம் கையிலுள்ள கைத்தொலைபேசியும் அனுப்பி வாங்கும் கருவியே. அதில் இருவரும் ஒரே சமயத்தில் பேசலாம். வேலைக்கு வெளியூர் போன பிள்ளை, சேர்ந்துவிட்டேன் என்று அன்றிரவே சொல்லிவிடுகிறான். சயாமுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு அந்த ஒரு சொல் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, நம் பிள்ளைகளுக்கும் இவ்வரலாற்றைச் சொல்லி வைப்போம்.