பெயர்ப்பலகைக்குப் பின்னால்: இந்தியாவில் குழந்தை நரம்பு உளவியல் தொழிலான வரலாறு

'குழந்தை நரம்பு உளவியலாளர்' என்ற பெயர்ப்பலகையை இன்று பெருநகரத் தனியார் சிகிச்சையகங்களில் காணலாம். ஆயினும், அந்தப் பெயரில் எவரையும் பதிவு செய்வதற்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை. சட்டம் அறிந்தது 'மருத்துவ உளவியலாளர்' போன்ற பொதுப்பெயர்களையே. பலகையில் உள்ள பெயருக்கும் பதிவேட்டில் உள்ள பெயருக்கும் இடையே இந்த இடைவெளி எவ்வாறு தோன்றியது, அதன் சுமை யார் மீது விழுகிறது என்பதை இத்தொழிலின் வரலாறே சொல்கிறது.

உலகின் முதல் உளவியல் சிகிச்சையகத்தை லைட்னர் விட்மர் 1896இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். அங்கே முதலில் வந்தவன் எழுத்துக்கூட்டுவதில் இடர்ப்பட்ட ஒரு சிறுவன். இந்தியாவில் உளவியல் வகுப்பறை வழியாக நுழைந்தது. கல்கத்தாவில் 1916இலும், மைசூரில் 1924இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இலும் துறைகள் அமைந்தன. அவை சோதனைக்கூட உளவியலையும் தத்துவம் சார்ந்த உளவியலையும் கற்பித்தன. நோயுற்ற குழந்தை அவற்றின் வாசலுக்கு வரவில்லை.

அந்தக் குழந்தையை நோக்கி மூன்று வழிகள் தனித்தனியே திறந்தன. முதலாவது, அளவீடு. தார்வாடைச் சேர்ந்த வி.வி. காமத், பினே அறிவுத்திறன் சோதனையைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ப 1934இல் தகவமைத்தார். இரண்டாவது, வழிகாட்டல். பம்பாயில் டாட்டா சமூகப்பணிக் கல்லூரி 1937இல் குழந்தை வழிகாட்டல் மையத்தைத் தொடங்கியது. மூன்றாவது, நரம்பு அறுவை. ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும், பி. இராமமூர்த்தி 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும் இத்துறையை நிறுவினர். மூளையின் எப்பகுதி பழுதுற்றால் எந்தத் திறன் குறைகிறது என்ற கேள்வி இவ்வாறு மருத்துவமனைகளின் அன்றாடக் கேள்வியாயிற்று.

மூன்று வழிகளும் பெங்களூரில் கூடின. 1954இல் தொடங்கப்பெற்ற அகில இந்திய மனநல நிறுவனம், அடுத்த ஆண்டே உளவியலாளர்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி அளிக்க முற்பட்டது. 1974இல் அது அரசு மனநல மருத்துவமனையுடன் இணைந்து 'நிம்ஹான்ஸ்' ஆனபோது, உளமருத்துவமும் நரம்பியலும் ஒரே வளாகத்தில் அமைந்தன. ஷோபினி ராவும் சகாக்களும் உருவாக்கிய நரம்பு உளவியல் சோதனைத் தொகுதி 2004இல் வெளிவந்தது. ஐந்து முதல் பதினைந்து வயது வரையிலான குழந்தைகளுக்கான தொகுதியும் அதே ஆண்டில் வந்தது.

குழந்தைகளுக்குத் தனித் தொகுதி வேண்டியதற்குக் காரணம் உண்டு. மூளை பழுதுற்ற முதியவர் முன்பு பெற்றிருந்த திறனை இழக்கிறார். குழந்தையோ அத்திறனை இன்னும் பெறவே இல்லை. ஆகவே அதன் இன்றைய நிலையை அதன் நேற்றைய நிலையோடு ஒப்பிட இயலாது. அதே வயதினரான பிற குழந்தைகளோடுதான் ஒப்பிட முடியும். அந்தப் பிற குழந்தைகள் யார், எம்மொழியினர், எத்தகைய பள்ளியில் பயில்பவர்கள் என்பதே முடிவை நிர்ணயிக்கிறது.

சட்டம் பின்னரே வந்தது. 1992இன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் மருத்துவ உளவியலாளரைப் பதிவு பெற வேண்டிய தொழிலராகக் கொண்டது. பதிவின்றித் தொழில் புரிவோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என விதித்தது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மேற்பார்வையிலான மருத்துவமனைப் பயிற்சியுடன் கூடிய ஈராண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பைத் தகுதிகளுள் ஒன்றாக வரையறுத்தது. அமெரிக்காவில் 1997இன் ஹூஸ்டன் மாநாடு, முனைவர் பட்டத்திற்குப் பின்னும் நரம்பு உளவியலுக்கென ஈராண்டுப் பயிற்சி வேண்டும் என்றது. இந்தியாவில் இச்சிறப்புப் பிரிவுக்கெனத் தனிப் பதிவு இல்லாமையால், தனியே தொழில் நடத்துபவர் குழந்தைகளின் மூளையைப் பற்றி எங்கே, எவரிடம், எவ்வளவு காலம் பயின்றார் என்பதைப் பெற்றோரே கேட்டறிய வேண்டியுள்ளது.

இந்த வரலாற்றின் குறை எங்கே வலிக்கும் என்பதற்கு இடுக்கி மாவட்டத்துப் பள்ளிவாசல் போன்ற ஊர் தக்க சான்று. 1940இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் திட்டத்தால் அறியப்பட்ட இந்த மலையூரைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள். தலைமுறைகளாகத் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள். 1956இன் மாநில மறுசீரமைப்பில் தேவிகுளம் வட்டம் கேரளத்திலேயே நின்றது. லயத்து வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், உயர்கல்வியில் ஆங்கிலம் என்பது இங்கு வளரும் குழந்தையின் மொழிநிலை.

2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை ஏற்றது. அதன் மதிப்பீட்டுக்கு 2018இன் மத்திய அரசு வழிகாட்டுதல் குறிப்பிட்டது நிம்ஹான்ஸ் தொகுதியை. அத்தொகுதி பெங்களூர்ச் சூழலில், ஆங்கில வாசிப்பை முதன்மையாகக் கொண்டு உருவானது. அதைத் தோட்டத்துக் குழந்தைக்கு அப்படியே பயன்படுத்தினால் இருவகைப் பிழை நேரலாம். மொழிப் பழக்கமின்மை மூளைக் குறையாக எழுதப்படலாம். அல்லது உண்மையான குறைபாடு 'மொழிச் சிக்கல்' எனத் தள்ளப்படலாம். முன்னது குழந்தைக்குத் தகாத முத்திரையைக் குத்துகிறது. பின்னது தேர்வுச் சலுகையையும் சிறப்புக் கல்வியையும் பறிக்கிறது.

காமத் 1934இல் செய்த பணியின் சாரம், சோதனையைக் குழந்தையின் மொழிக்குக் கொண்டுவந்ததே. தமிழ் பேசும் எல்லைப்புறக் குழந்தைகளுக்குரிய அளவுகோல் வகுக்கப்படும் வரை, இத்துறையில் தொழில் புரிவோர் தம் அறிக்கையில் மதிப்பெண்ணுக்கு முன்னே எழுத வேண்டிய செய்தி ஒன்று உண்டு: இக்குழந்தை எம்மொழியில் சோதிக்கப்பட்டது, எவரோடு ஒப்பிடப்பட்டது என்பதே அது.